இலத்திரன் சோடிகளும் மூலக்கூறுகளின் வடிவமும்: ஒரு மதிப்பீடு

நீர் மூலக்கூறு வளைந்தது. காபனீரொட்சைட்டு மூலக்கூறு நேரியது. இரண்டிலும் உள்ளவை மும்மூன்று அணுக்களே. ஒன்றில் நடு அணுவின் இருமருங்கும் மற்றை அணுக்கள் ஒரே கோட்டில் நிற்க, மற்றதில் அவை 104.5 பாகைக் கோணத்தில் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கின்றன. இச்சாய்வு அற்பமானதன்று. நீர் மூலக்கூறு நேராக இருந்திருப்பின் அதன் இரு பிணைப்புகளின் முனைவுகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒருபுறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் மிகுந்து நிற்கும் நிலை அதற்கு வாய்த்திராது. உப்பைக் கரைக்கும் ஆற்றலும், அறை வெப்பநிலையில் திரவமாய் நிற்கும் இயல்பும் இன்றுள்ளவாறு அதற்கு அமைந்திருக்கமாட்டா. கடலும் குருதியும் இக்கோணத்துக்குக் கடன்பட்டவை என்பது மிகையாகாது.

இக்கோணம் யாதாற் பிறந்தது என்னும் வினாவுக்கு எமது உயர்தர வகுப்பு மாணவர் எவரும் தயங்காது விடை எழுதுவர். நடு அணுவைச் சூழ்ந்த இலத்திரன் சோடிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. தள்ளுகை மிகக் குறையுமாறு அவை இயன்ற அளவு விலகி நிற்கின்றன. தனிச்சோடி பிணைப்புச் சோடியினும் வலிதாகத் தள்ளும். ஆகவே நான்முகிக்குரிய 109.5 பாகை நீரில் 104.5 ஆகச் சுருங்கிற்று என்பது அவ்விடை. அதற்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். வலுவளவோட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கை என நாம் வழங்கும் இது, இரசாயனத்தில் விரைவாக மனத்திற் பதிவதும், படித்த மறுநாளே கையாளத்தக்கதுமான கொள்கைகளுள் ஒன்று. அதன் எளிமையே அதனை மதிப்பிட வேண்டிய தேவையையும் உண்டாக்குகின்றது. அதனுள் இருவேறு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. சோடிகளை எண்ணினால் வடிவம் புலப்படும் என்பது ஒன்று. சோடிகள் தள்ளுவதனாலேயே அவ்வடிவம் உண்டாகின்றது என்பது மற்றொன்று. முன்னையது விதி, பின்னையது காரணம். விதி பலித்தமை கண்டு காரணமும் நிறுவப்பட்டதென எண்ணி விடுகின்றோம். இவ்விரண்டையும் வேறுபிரித்து, விதியின் வெற்றி எத்துணை, காரணத்தின் உறுதி எத்துணை என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலக்கூறு வெளியில் வடிவம் பெற்று நிற்கும் பொருள் என்ற எண்ணம் இரசாயனருக்கு எளிதில் வந்ததன்று. 1874 இல் ஒல்லாந்தரான வான்ற் ஹொவ், பிரான்சியரான லே பெல் ஆகிய இருவரும், ஒருவரையொருவர் சாராது, காபன் அணுவின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன எனக் கொண்டால், முனைவாக்கிய ஒளியின் தளத்தைத் திருப்பும் பொருள்களின் இயல்பு விளங்கும் என்றனர். அப்போது வான்ற் ஹொவ்வுக்கு வயது 22. பின்னர் அவர் யூற்றெக்ற் நகரில் மிருக வைத்தியக் கல்லூரியிற் பணி ஏற்றார். 1877 இல் லைப்சிக் பேராசிரியர் கோல்பே, தாம் நடத்திய சஞ்சிகையில் அவரை மிகக் கடுமையாக எள்ளி எழுதினார். மிருக வைத்தியக் கல்லூரியில் இருப்பவருக்கு நுணுகிய இரசாயன ஆராய்ச்சியில் விருப்பமில்லை; ஆகையால் அவர் கற்பனைக் குதிரையேறிப் பறக்கின்றார் என்பது அவ்வெள்ளலின் சாரம். இரசாயனத்துக்கென முதன்முதல் 1901 இல் வழங்கப்பட்ட நோபல் பரிசு வான்ற் ஹொவ்வையே சென்றடைந்தது. கோல்பேயின் பக்கமும் ஒரு நியாயம் இருந்ததென்பதை நாம் மறந்துவிடலாகாது. நான்முகி ஏன் என்று வான்ற் ஹொவ்வால் கூற இயலவில்லை. வடிவம் இருந்தது, காரணம் இல்லை. இலத்திரன் கண்டறியப்படுவதற்கே இன்னும் இருபது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

இலத்திரனைச் சோடியாகக் கண்டவர் அமெரிக்கரான லூயிஸ். 1916 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் அணுவை ஒரு கனசதுரமாகவும், அதன் எட்டு மூலைகளில் எட்டு இலத்திரன்கள் இருப்பதாகவும் உருவகித்தார். இரண்டு கனசதுரங்கள் ஒரு விளிம்பைப் பங்கிட்டால் ஒற்றைப் பிணைப்பு. ஒரு முகத்தைப் பங்கிட்டால் இரட்டைப் பிணைப்பு. மும்மைப் பிணைப்புக்கு இவ்வுருவம் இடந்தரவில்லை. ஆகவே அதே கட்டுரையில், எட்டு இலத்திரன்களும் நான்கு சோடிகளாகி ஒரு நான்முகியின் மூலைகளில் நிற்கலாம் என்றும் அவர் கூறினார். ஒத்த மின்னேற்றமுள்ள இரு இலத்திரன்கள் அருகருகே சோடியாக நிற்பது எங்ஙனம் என்ற இடர்ப்பாடு அவருக்கு நன்கு தெரிந்தே இருந்தது. மிகக் குறுகிய தூரங்களில் கூலோமின் விதியே பொருந்தாது போகலாம் என்று ஐயுறுமளவுக்கு அவர் சென்றார். இவ்விடர்ப்பாட்டை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். சோடிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று எழுதுபவர், ஒரு சோடிக்குள்ளிருக்கும் இரண்டும் ஏன் தள்ளிப் பிரியவில்லை என்பதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

சோடிகளின் தொகையையும் வடிவத்தையும் இணைத்தது அடுத்த படி. 1939 இல் யப்பானில் றியூதாரோ சுச்சிடா என்பவர் இத்தகைய கருத்தொன்றை வெளியிட்டார். மேனாட்டார் அதனைப் பெரிதும் அறிந்திலர். 1940 இல் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த சிச்விக், பவல் இருவரும், அறியப்பட்டிருந்த மூலக்கூறுகளின் வடிவங்களைத் தொகுத்து நோக்கி, பிணைப்புச் சோடி, தனிச்சோடி என்ற வேறுபாடின்றி எல்லாச் சோடிகளையும் எண்ணினால் வடிவம் அமையக் கண்டனர். இரண்டாயின் நேர்கோடு, மூன்றாயின் முக்கோணம், நான்காயின் நான்முகி, ஐந்தாயின் முக்கோண இருகூம்பகம், ஆறாயின் எண்முகி. 1957 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்த கிலெஸ்பியும் நைஹோமும் இதனை விரித்து, தனிச்சோடிகளுக்கிடையிலான தள்ளுகை மிகப் பெரிது, தனிச்சோடிக்கும் பிணைப்புச் சோடிக்கும் இடையிலானது அடுத்தது, பிணைப்புச் சோடிகளுக்கிடையிலானது மிகச் சிறிது என்னும் வரிசையைச் சேர்த்தனர். மெதேனில் 109.5, அமோனியாவில் 107, நீரில் 104.5 என்ற இறங்குவரிசை இவ்வாறு ஓர் ஒழுங்குக்குள் வந்தது. நைஹோம் 1971 இல் வீதி விபத்தொன்றில் இறந்தார். கனடாவுக்குச் சென்ற கிலெஸ்பி 2021 வரை வாழ்ந்து, தம் கொள்கையைத் தாமே பலமுறை திருத்தினார். அதைப் பின்னர்க் கூறுவாம்.

விதியின் திறத்தைக் காட்டுதற்கு மெதேனும் நீரும் போதா. அவை எவ்வழியாலும் விளங்குவன. குளோரீன் முப்புளோரைட்டே தக்க எடுத்துக்காட்டு. குளோரீனின் ஏழு வலுவளவோட்டு இலத்திரன்களுடன் புளோரீன்கள் தரும் மூன்றையும் கூட்டினால் பத்து. அதாவது ஐந்து சோடிகள். அவற்றுள் மூன்று பிணைப்புச் சோடிகள், இரண்டு தனிச்சோடிகள். ஐந்து சோடிகளும் முக்கோண இருகூம்பகத்தின் மூலைகளில் நிற்கும். ஆயின் நான்முகியிலும் எண்முகியிலும் போல இங்கே எல்லா மூலைகளும் ஒரு தன்மையன அல்ல. அச்சின் மேலும் கீழுமுள்ள இரண்டும் ஒருவகை. நடுத்தளத்திலுள்ள மூன்றும் வேறுவகை. அச்சிலுள்ள ஒன்றுக்கு 90 பாகையில் அயலார் மூவர். நடுத்தளத்திலுள்ள ஒன்றுக்கு 90 பாகையில் அயலார் இருவரே. மற்றை இருவரும் 120 பாகையில் விலகி நிற்பர்.

தனிச்சோடிகள் இரண்டையும் எங்கே வைப்பது? மூன்று வழிகள் உள. இரண்டையும் அச்சில் வைத்தால் புளோரீன்கள் மூன்றும் நடுத்தளத்தில் அமைய, மூலக்கூறு தட்டையான முக்கோணமாகும். தனிச்சோடிக்கும் பிணைப்புச் சோடிக்கும் இடையே 90 பாகைத் தள்ளுகைகள் ஆறு ஏற்படும். ஒன்றை அச்சிலும் மற்றதை நடுத்தளத்திலும் வைத்தால் இரு தனிச்சோடிகளும் 90 பாகையில் நெருங்கி நிற்க நேரும். எல்லாவற்றினும் விரும்பத்தகாதது அதுவே. இரண்டையும் நடுத்தளத்தில் வைத்தால் தனிச்சோடிகள் 120 பாகையில் நிற்கும். தனிச்சோடிக்கும் பிணைப்புச் சோடிக்கும் இடையேயுள்ள 90 பாகைத் தள்ளுகைகளும் நான்காகக் குறையும். ஆகவே மூன்றாவது வழியே கொள்ளத்தக்கது. அவ்வழியில் புளோரீன்கள் இரண்டு எதிரெதிரே நிற்க, மூன்றாவது அவற்றுக்குச் செங்குத்தாக நிற்கும். ஒரு தண்டின் தலையிற் குறுக்குச் சட்டம் பொருத்தியது போன்ற வடிவம். தனிச்சோடிகள் நெருக்குவதால் குறுக்குச் சட்டத்தின் இரு கைகளும் மற்றைப் புளோரீனை நோக்கிச் சிறிது வளையும். அளந்து கண்டபோது வடிவமும் அதுவே, கோணமும் 87.5 பாகை. ஒரு தாளும் பென்சிலும் கொண்டு, கணித வன்மை சிறிதுமின்றி, இத்துணை விந்தையான வடிவத்தை எட்ட முடிவது வியப்புக்குரியதே.

ஆயின் ஒன்றை நேர்மையாகக் கூறிவிட வேண்டும். குளோரீன் முப்புளோரைட்டின் வடிவம் 1953 இலேயே அளந்தறியப்பட்டது. கிலெஸ்பியும் நைஹோமும் எழுதியது 1957 இல். அறிந்த விடைக்கு வழி காட்டுவதும், அறியாத விடையை முன்கூட்டி மொழிவதும் ஒன்றல்ல. பாடநூல்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. கொள்கை எதிர்வுகூறியது என்று அவை எழுதுமிடங்கள் பலவற்றில், கொள்கை விளக்கியது என்று எழுதுவதே பொருத்தம்.

உண்மையான எதிர்வுகூறல் ஒன்று இக்கொள்கைக்கு உண்டு. அதன் புகழுக்கு முதற்காரணமாக வைக்கத்தக்கதும் அதுவே. 1962 இல் நீல் பாட்லெற் கனடாவில் செனன் வாயுவைச் சேர்க்கைக்கு உட்படுத்தி, எதனுடனும் சேராதென நம்பப்பட்ட வாயுக் குடும்பத்தின் மௌனத்தைக் கலைத்தார். ஓராண்டுக்குள் செனனின் புளோரைட்டுகள் பல தோன்றின. அவற்றுள் செனன் அறுபுளோரைட்டின் வடிவம் பற்றி இருவேறு கருத்துகள் நிலவின. அக்காலத்து எளிய மூலக்கூற்று ஒபிற்றல் முறைகளைக் கையாண்டோர், அது கந்தக அறுபுளோரைட்டைப் போல ஒழுங்கான எண்முகியாகவே இருக்கும் என்றனர். கிலெஸ்பியோ, நடுவில் ஆறு பிணைப்புச் சோடிகளோடு ஒரு தனிச்சோடியும் இருத்தலின் சோடிகள் ஏழாகும். ஏழாவது தனக்கென இடங்கொள்ளும். ஆதலின் எண்முகி உருக்குலைந்தே தீரும் என்றார். 1968 இல் பார்ட்டெல், கவின் இருவரும் இலத்திரன் கோணல் முறையால் வாயுநிலையில் அதனை ஆராய்ந்தபோது, அது ஒழுங்கான எண்முகியன்று என்பது தெளிவாயிற்று. தனிச்சோடி ஓரிடத்தில் நிலைத்து நில்லாது இடம்மாறிக்கொண்டிருக்கும் நெகிழ்ந்த மூலக்கூறு அது. நீண்ட கணிப்புகள் தவறிய இடத்தில் விரல்விட்டெண்ணும் விதி வென்றது. விதியின் மதிப்பைக் குறைத்துப் பேசுவோர் இதற்கு விடை கூறிய பின்னரே மேற்செல்லுதல் தகும்.

இனிக் காரணத்துக்கு வருவோம். தள்ளுகை என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் மனத்தில் எழுவது, ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் கூலோமின் விசையே. பல ஆசிரியரும் அவ்வாறே கற்பிக்கின்றனர். அது தவறு என்பதற்கு முன்னர்க் கூறிய இடர்ப்பாடே சான்று: கூலோம் விசை ஒன்றே ஆட்சி செய்யின் எட்டு இலத்திரன்களும் தனித்தனியே எட்டுத் திசைகளில் விலகுமேயன்றி, இரண்டிரண்டாகக் கூடி நான்கு திசைகளில் நில்லா. சோடியைத் தோற்றுவிப்பது வேறொன்று. 1925 இல் பௌலி கண்ட தவிர்க்கைத் தத்துவத்தின்படி, ஒத்த கறங்கலுள்ள இரு இலத்திரன்கள் ஒரேயிடத்தில் இருக்க இயலாது. எதிர்க் கறங்கலுள்ளவற்றுக்கு அத்தடை இல்லை. இது மின்விசையன்று. மின்னேற்றம் இல்லாதிருப்பினும் இத்தத்துவம் நிற்கும். வலுவளவோட்டிலுள்ள எட்டு இலத்திரன்களுள் ஒரு கறங்கலுடையன நான்கு, எதிர்க் கறங்கலுடையன நான்கு. ஒரு கறங்கலுடைய நான்கும் தம்முள் இயன்ற அளவு விலகி ஒரு நான்முகியாக அமைதலே பெரிதும் நிகழத்தக்கது. மற்றை நான்கும் அவ்வாறே வேறொரு நான்முகியாகும். 1950 களில் லெனாட் ஜோன்ஸ் வற்புறுத்தியதும், 1961 இல் ஒக்ஸ்போட்டின் லினெற் இரட்டை நால்வர் கொள்கையாக விரித்ததும் இதுவே. கிலெஸ்பியும் நைஹோமும் தம் 1957 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பௌலியின் தத்துவத்தைத்தான் அடிப்படையாகக் கொண்டனர். மின்தள்ளுகை என்ற பொருள் இடைவழியில் வகுப்பறைகளில் வந்து ஏறியது.

இங்கே ஊதுபைகளைப் பற்றி ஒரு சொல். நான்கு ஊதுபைகளை ஊதி வாய்களை ஒன்றாய்க் கட்டினால், அவை தாமே நான்முகித் திசைகளில் நிற்கும். ஐந்தைக் கட்டினால் முக்கோண இருகூம்பகம். ஆறைக் கட்டினால் எண்முகி. ஆசிரியர் பலர் இதைச் செய்துகாட்டி, ஊதுபைகள் ஒன்றையொன்று தள்ளுவது போல் இலத்திரன் சோடிகளும் தள்ளுகின்றன என்பர். கருவி நன்று, உரைதான் பிழை. ஊதுபைகள் தொலைவில் நின்று ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஒன்று இருக்குமிடத்தில் மற்றது இருக்க இயலாமையால் அவை விலகி நிற்கின்றன. தத்தமக்குரிய இடத்தை அடைத்தல் என்ற இக்கருத்தே பௌலியின் தத்துவத்துக்கு நெருங்கியது. உரைக்கப்படும் பாடத்தினும் ஊதுபை கூறும் பாடம் திருத்தமாயுள்ளது. கிலெஸ்பி பிற்காலத்தில் தள்ளுகை என்ற சொல்லை ஒதுக்கி, இலத்திரன் ஆட்சிப்புலங்கள் என்று பேசத் தொடங்கியதும் இக்கருத்துப் பற்றியே.

இரு நான்முகிகள் என்ற கருத்திலிருந்து மாணவர் பெரும்பாலும் கேள்விப்படாத ஒரு முடிவு பிறக்கின்றது. தனித்து நிற்கும் நேயன் அணுவில் அவ்விரு நான்முகிகளுக்கும் ஒன்றோடொன்று பிணைப்பில்லை. இலத்திரன் அடர்த்தி எத்திசையிலும் ஒத்ததாய்க் கோளவடிவில் நிற்கும். அங்கே சோடிகள் குறித்த திசைகளில் நிற்பதில்லை. ஐதரசன் கருவொன்று வந்து பிணையுமிடத்தில் மட்டும் இரு நான்முகிகளின் ஒவ்வொரு மூலை ஒன்றுகூடுகின்றது. ஐதரசன் புளோரைட்டில் அவ்வாறு கூடுவது ஒரு மூலையே. மற்றை மூன்று மூலைகளும் அச்சைச் சுற்றித் தடையின்றித் திரும்பலாம். ஆகவே நாம் புளோரீனைச் சுற்றி மும்மூன்று சோடிப் புள்ளிகளாக வரையும் தனிச்சோடிகள் அங்கே தனித்தனிச் சோடிகளாக இல்லை. ஒரு வளையம் போன்ற அடர்த்தியே உண்டு. இரு பிணைப்புகள் உள்ள நீரில் இரு மூலைகள் ஒன்றுபடுதலின் எஞ்சியவையும் ஓரளவு ஒன்றுபட நேரும். சோடி என்பது அணுவின் இயற்கையன்று. பிணைப்பு அதனை ஆக்குகின்றது. சோடிகள் இருந்து வடிவத்தை ஆக்குகின்றன என்ற வழக்கமான கூற்றின் வரிசையை இது பாதி தலைகீழாக்கி விடுகின்றது.

நீரின் தனிச்சோடிகள் மீது வேறொரு பக்கத்திலிருந்தும் கண்டனம் எழுந்தது. ஒளியால் இலத்திரன்களை வெளியேற்றி அவற்றின் சத்தியை அளந்தபோது, நீரின் வெளியோட்டுத் தனிச்சோடி இலத்திரன்கள் ஒரே சத்தியுடையனவாய் இல்லாது, ஒருவகை 12.6 இலத்திரன் உவோற்றிலும் மற்றொருவகை 14.7 இலத்திரன் உவோற்றிலும் வெளிப்படக் கண்டனர். முயற்காதுகள் போல் நாம் வரையும் ஒத்த இரு தனிச்சோடிகள் பொய் எனச் சிலர் தீர்ப்பளித்தனர். இத்தீர்ப்பு அளவுக்கு மிஞ்சியது என்பது என் கருத்து. மெதேனிலும் இதே சோதனை ஒன்று ஏறக்குறைய 14 இலும் மற்றது 23 இலும் என இருவேறு சத்திகளையே தருகின்றது. அதுகொண்டு மெதேனின் நான்கு பிணைப்புகளும் ஒத்தவையல்ல என்று எவரும் கூறார். இலத்திரன் ஒன்று வெளியேறிய பின்னுள்ள அயனின் நிலைகளையே அச்சோதனை அளக்கின்றது, முழு அடர்த்தியை ஒத்த சோடிகளாகவும் பிரிக்கலாம், ஒவ்வாத ஒபிற்றல்களாகவும் பிரிக்கலாம், கூட்டுத்தொகை மாறாது. கொள்கையைக் கண்டிக்கப் புகுவோர் அது சாராத குற்றத்துக்காக அதனைத் தண்டித்தலும் முறையன்று.

அது சார்ந்த குற்றம் வேறிடத்தில் உள்ளது. அமோனியாவின் கோணம் 107 பாகை. ஐதரசனுக்குப் பதிலாகப் புளோரீனை வைத்த நைதரசன் முப்புளோரைட்டில் அது 102 ஆகக் குறைகின்றது. காரணம் கேட்டால், புளோரீன் மின்னெதிர்த்தன்மை மிக்கது. பிணைப்புச் சோடிகளைத் தன்பால் இழுத்துக்கொள்கின்றது. நைதரசனருகே அவற்றின் பருமன் குறைகின்றது. ஆதலின் தனிச்சோடி அவற்றை எளிதில் நெருக்குகின்றது என்பர். நல்ல விடை. இனி அதே குடும்பத்தில் ஒரு படி இறங்கிப் பொசுபரசுக்கு வருவோம். பொசுபீனின் கோணம் 93.5 பாகை. பொசுபரசு முப்புளோரைட்டில் அது 98 பாகைக்கு ஏறுகின்றது. புளோரீன் இங்கும் மின்னெதிர்த்தன்மை மிக்கதே. முன்னைய காரணம் மெய்யாயின் கோணம் குறைய வேண்டும், அது கூடுகின்றது. இப்போது வேறொரு காரணம் கூறப்படுகின்றது: புளோரீன் தன் தனிச்சோடியைப் பொசுபரசுக்கு ஓரளவு ஈந்து பிணைப்பை இரட்டைத் தன்மையதாக்குகின்றது, அதனால் பிணைப்புப் பருக்கின்றது என்பர். ஒட்சிசனிடம் சென்றால் நீர் 104.5, ஒட்சிசன் இருபுளோரைட்டு 103, ஒட்சிசன் இருகுளோரைட்டு 111. நான்முகிக் கோணத்தையும் தாண்டிய இக்கடைசி எண்ணுக்கு மூன்றாவது காரணமொன்று, குளோரீனின் பருமன், கொண்டுவரப்படுகின்றது.

நான் திருத்திய விடைத்தாள்களில் இதன் விளைவைக் கண்டுள்ளேன். கோணத்தை 98 என வினாவிற் கொடுத்தால் மாணவர் கூடியதற்குக் காரணம் எழுதுவர். அச்சுப்பிழையால் 88 எனக் கொடுத்துவிட்டாலும் அதே தெளிவோடு குறைந்ததற்குக் காரணம் எழுதுவர். இரண்டும் பாடநூற் சொற்களாகவே இருக்கும். எவ்வெண்ணுக்கும் இணங்கும் காரணம் எவ்வெண்ணையும் விளக்குவதாகாது. குற்றம் மாணவருடையதன்று. வடிவத்தைக் கூறும் விதியைச் சில பாகை வேற்றுமைகளுக்கும் காரணங்கூறும் கருவியாக நீட்டிய எம்முடையது.

இவ்விடர்ப்பாட்டைக் கிலெஸ்பியே உணர்ந்தார் என்பது அவரது பெருமை. 1960 களிலேயே பார்ட்டெல், காபனைச் சூழ்ந்த அணுக்களின் இடைத்தூரங்கள் சேர்வைக்குச் சேர்வை பெரிதும் மாறாதிருத்தலைக் காட்டியிருந்தார். 1990 களின் பிற்பகுதியில் கிலெஸ்பி அவ்வழியே சென்றார். போரன் முப்புளோரைட்டு தட்டையான முக்கோணம். அதன் பிணைப்பு நீளம் 131 பிக்கோமீற்றர். அதனோடு புளோரைட்டு அயனொன்று சேர்ந்து உண்டாகும் அயன் நான்முகி. பிணைப்பு நீளம் 138. வடிவமும் வேறு, நீளமும் வேறு. ஆயின் இரண்டிலும் புளோரீனுக்கும் புளோரீனுக்கும் இடையேயுள்ள தூரம் 226 பிக்கோமீற்றரே. முக்கோணத்தின் பக்கத்தையும் நான்முகியின் விளிம்பையும் கணிக்கத் தெரிந்த எம்மாணவனும் இதனைச் சரிபார்க்கலாம். சூழ நின்ற அணுக்கள் பெட்டியில் அடுக்கிய தோடம்பழங்கள் போல ஒன்றையொன்று தொட்டு நிற்பதாகவே இது காட்டுகின்றது. நடு அணு மிகச் சிறிதாயின் வடிவத்தை ஆள்வது சூழ்ந்த அணுக்களின் நெருக்கம். பெரிதாயின் தனிச்சோடிக்கு இடம் வாய்க்கின்றது. பொசுபீனின் சிறிய ஐதரசன்கள் 93.5 பாகைக்கு நெருக்கப்பட்டதும், முப்புளோரைட்டின் பெரிய புளோரீன்கள் அவ்வளவு நெருங்க இயலாமற் போனதும் இப்பார்வையில் இயல்பாகவே விளங்குகின்றன. தம் பெயரால் வழங்கும் கொள்கையை எழுபது வயது கடந்தபின் இவ்வாறு திருத்தும் துணிவு எல்லார்க்கும் வருவதன்று.

விதியே வழுவும் இடங்களும் உள. பெரிலியங் குளோரைட்டு வாயுநிலையில் நேரியது. இரண்டு சோடிகள், நேர்கோடு. அதே கூட்டத்துப் பேரியம் புளோரைட்டிலும் எண்ணத்தக்க சோடிகள் இரண்டே. ஆயினும் 1960 களில் ஆவாட் பல்கலைக்கழகத்தில் கிளெம்பரர் குழுவினர் அம்மூலக்கூறுகளின் கற்றையை மின்புலத்தூடு செலுத்தியபோது அது விலகிற்று. நேரிய மூலக்கூறாயின் அவ்வாறு விலகாது. வளைவுக்குக் காரணமான தனிச்சோடி பேரியத்தில் இல்லை. உள்ளோட்டு இலத்திரன்கள் கோளவடிவாய் அமைதியாய் இருக்கும் என்று விதி கொண்ட எடுகோளே அங்குப் பொய்க்கின்றது. தாண்டல் உலோகங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஆறு மெதயிற் கூட்டங்களைத் தாங்கும் தங்குதன் சேர்வை விதிப்படி எண்முகியாதல் வேண்டும். 1990 இல் இலத்திரன் கோணல் ஆய்வு அதனை முக்கோண அரியமாகக் காட்டிற்று. முச்சிலயிலமீன் கூம்பகமன்றி நைதரசனைச் சுற்றித் தட்டையாயிருப்பது 1955 இலேயே, அதாவது கிலெஸ்பி - நைஹோம் கட்டுரை வெளிவருவதற்கு இரண்டாண்டு முன்னரே, தெரிந்திருந்தது. நைதரசனின் தனிச்சோடி அங்கே வடிவத்தில் தன் சுவட்டைக் காட்டவில்லை. இவற்றை விலக்குகள் என்று பாடநூலின் அடியிற் சிறிய எழுத்தில் ஒதுக்குவது வழக்கம். என்னைக் கேட்பின் இவற்றையே பெரிய எழுத்தில் அச்சிடுக என்பேன். விதி நிற்பதற்கு எவ்வெவ் எடுகோள்கள் வேண்டும் என்பதை மாணவனுக்குக் காட்டுவன இவையே.

செனன் அறுபுளோரைட்டில் ஏழாவது சோடி வென்ற கதையை மேலே சொன்னோம். அதன் மறுபக்கத்தையும் சொல்லி முடிக்கலாம். புரோமீன் ஒன்றும் புளோரீன் ஆறும் கொண்ட எதிரயனிலும், அயடீன் ஒன்றும் புளோரீன் ஆறும் கொண்ட எதிரயனிலும், செனன் சேர்வையிற் போலவே ஆறு பிணைப்புச் சோடிகளும் ஒரு தனிச்சோடியும் உள. அயடீன் அயன் எதிர்பார்த்தவாறே உருக்குலைந்தது. புரோமீன் அயனோ ஒழுங்கான எண்முகி. சிறிய புரோமீனைச் சூழ்ந்து ஆறு புளோரீன்கள் அடர்ந்து நின்றமையால் தனிச்சோடி வெளியே இடம் பெறாது உள்ளே ஒடுங்கிற்று. இரண்டையும் எண்ணிப் பார்க்கும் மாணவனுக்குக் கிடைக்கும் எண் ஏழு ஒன்றே.